பூனை குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டுத் தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

திருப்பூரில் அப்போது, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், அப்படி நினைப்பது ஒன்றும் வினோதமில்லை. சோமனூர் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரே வரிசையில் ஆறு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் குடியிருந்தோம். போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் அது உப்பும் கசப்புமாக இருக்கும். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும். குடங்களில் பிடித்து மூடி வைத்து, எந்தக் குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன்.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பத்து வருஷம் அதைச் செய்தபின் வீட்டுக்கு வந்தாலும் கண் அதே வேலையைத்தான் செய்தது. என் கணவர் வேறொரு கம்பெனியில் டெய்லர். இருவரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு பூனை இருந்தது. வெட்டுத்துணி மூட்டைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை நான் மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். சாம்பல் நிறம். பெயர் வைக்கவில்லை. பூனை என்று கூப்பிட்டால் வரும். இதெல்லாம் நடந்தபோது அதற்கு ஒன்பது வயது.

பூனைக்கென்று ஒரு அகலமான சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி வாசலில் வைப்பேன். அதுவரை ஒருமுறை ஊற்றினால் இரண்டு நாள் கிடக்கும். அந்த ஆடி மாதத்தில், காலையில் ஊற்றியது சாயங்காலம் வேலை விட்டு வரும்போது காலியாகிக் கிடந்தது. ஒரு நாள் என்றால் சட்டி தட்டுப்பட்டுக் கொட்டியிருக்கும் என்று விடலாம். தினமும் காலி. தரை காய்ந்திருந்தது. கொட்டிய தடம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். கொமரலிங்கம் பக்கம் பிறந்தவள், என்னைவிட இளையவள். அவள் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. இவள் பனியன் கட்டுகளை வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டிக் கொடுப்பாள். அவள் வாசலில் ஒரு ரோஜாச் செடி. அது பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் ரோஜா பூக்குமா? நான் அந்தச் செடியின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

எல்லோரும் துணி துவைக்கும் குழாயடியில், ஆட்கள் இருக்கும்போதே கேட்டேன்.

"எங்க பூனைச் சட்டித் தண்ணிய நீதான எடுத்துச் செடிக்கு ஊத்துத?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க்கா, பூனை வாய் வெச்ச தண்ணிய எடுத்து நான் என்னங்க பண்றது? அரிசி கழுவற தண்ணியத்தானுங்க செடிக்கு ஊத்தறன்."

"பின்ன சட்டி எப்படிக் காலியாவுது? பகல்ல இங்க இருக்கது நீதான?"

"தண்ணித் திருடின்னு சொல்லிப்போட்டீங்களே. நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டீங்களே," என்றாள். வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்தியதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று அன்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். கணவர் சந்தைக்குப் போய்விட்டார். நான் வீட்டில் ஆள் இல்லாத மாதிரி கதவைச் சாத்தி, ஜன்னல் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. பூனை வந்தது. சட்டியில் முகத்தை வைத்துக் குடித்தது. போயிற்று. சற்று நேரத்தில் திரும்பி வந்து குடித்தது. சுவரோரம் படுத்து, எழுந்து, மறுபடியும் குடித்தது. நிறுத்தாமல் நக்கிக்கொண்டே இருந்த அந்தச் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. மதியத்துக்குள் சட்டியில் பாதி இல்லை. நாலு மணிக்குள் காலி.

திருட்டு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் போய் என்ன சொல்வது? மறுநாள் ஒரு கிண்ணத்தில் அதிரசம் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எங்கூட்டுல ஆரும் இனிப்புத் திங்கறதில்லீங்க" என்று சொல்லி மூடிவிட்டாள்.

என் சந்தேகம் இப்போது பூனையின் பக்கம் திரும்பியது. வெயில் காலம் இல்லை, காற்றுக் காலம். பிறகு எதற்கு இவ்வளவு தாகம்? மீன்காரர் ஐஸில் ஏதாவது கலக்கிறாரோ என்று மீனை நிறுத்தினேன். யாராவது எலி மருந்து வைத்திருக்கிறார்களோ என்று லைன் வீட்டின் பின்பக்கம் முழுவதும் குனிந்து தேடினேன். ஒன்றும் இல்லை. பூனை நன்றாகத்தான் சாப்பிட்டது, என் காலில் உரசியது, பல்லியைத் துரத்தியது. நோய் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

ஒரு நாள் காலையில் கணவர் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் வீட்டுல பூனை வாடையே இல்லட்டி. மண்ணுல என்னத்தப் போடுத?"

நான் எதுவும் போடவில்லை. குளிக்கும் அறை மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாம்பாளத்தில் ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தோம். ஒன்பது வருஷமாக அந்த மூலையில் மூக்கைத் துளைக்கும் வாடை. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே முகம் சுளிப்பார்கள். அந்த வாடை எப்போது நின்றது? குனிந்து மோந்து பார்த்தேன். ஈர மணல் வாசம்தான் வந்தது. மணலைக் கரண்டியால் கிளறினால், ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி பெரிய பெரிய ஈரக் கட்டிகள்.

"வாடை போனா நல்லதுதான? சந்தோசப்படாம எதுக்கு மண்ணுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்க?" என்றார் அவர்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒன்பது வருஷம் நின்று நாறிய ஒன்று, காரணமில்லாமல் ஏன் நிற்க வேண்டும்?

இரண்டு நாள் லீவு போட்டேன். பூனையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியால் அளந்து சட்டியில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் காற்றில் வற்றுகிறது என்று யாராவது சொல்லலாம் என்பதால், அதே அளவு தண்ணீரை இன்னொரு சட்டியில் ஊற்றி, பூனைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்தேன். மறுநாள் அதே நேரத்தில் இரண்டையும் அளந்தேன். மேலே இருந்தது ஏறக்குறைய அப்படியே இருந்தது. கீழே இருந்ததில் கால் லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மணலில் வாடை நின்றதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பூனையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே பூனையோடு வந்தவள் நான் ஒருத்திதான். ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி, வெளியே மரத்தடியில் கட்டிய மாடு. டாக்டர் நடுவயதுக்காரர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். பூனையின் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. தீனி எடுக்குதுங்களா?"

"நல்லா சாப்பிடுது."

"அப்பறம் என்னங்கம்மா. காத்துக் காலம், நாக்கு வறளும். தண்ணி குடிக்கட்டும், நல்லதுதான்." கையைக் கழுவப் போனார்.

என்னைத் தட்டிக் கழிக்கிறார் என்று தோன்றியது. ஒரு கெட்டுப்போன பனியனைப் பார்க்காமலே பாஸ் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். தாளை மேஜையில் வைத்தேன். இரண்டு வருஷம் முன்பு அதே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோது கொடுத்த சீட்டையும் வைத்தேன். அதில் பூனையின் எடை எழுதியிருந்தது.

"இத மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றேன்.

அவர் ஈரக் கையோடு வாசித்தார். "ரெண்டாவது சட்டி எதுக்குங்க?"

"காத்துல வத்திருச்சின்னு நீங்க சொல்லிறக் கூடாதுல்லா."

சிரிக்கவில்லை. பூனையைத் தராசில் வைத்தார். பழைய சீட்டைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. தினமும் தூக்குகிற எனக்கு அது கையில் தெரியவில்லை. பிறகு இரண்டு கைகளையும் அதன் வயிற்றின் இருபுறமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அழுத்தினார். வெளியே மாட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். டாக்டர் அவரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஒரு பக்கத்துக் கிட்னி சின்னதா இருக்கற மாதிரி படுதுங்க. ஆனா கையில தெரியறத அப்படியே நம்பக்கூடாது. மூத்திரம் கொண்டாங்க, பாக்கலாம். மண்ணு கலக்காம வேணும்."

கையில் தெரிவதை நம்பக்கூடாது என்று அவர் சொன்னதும்தான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மணல் இல்லாமல் பூனை எங்கே போகும்? வெறும் தாம்பாளத்தை வைத்துப் பார்த்தேன். ஏறவே இல்லை. கம்பெனியில் காலர் வைத்த டீ-சர்ட்டுகளுக்குத் தைக்கும் பிளாஸ்டிக் பட்டன்கள், நிறம் சரியில்லை என்று ஒதுக்கியவை, ஒரு மூட்டை கிடந்தன. கேட்டு ஒரு பை வாங்கிவந்தேன். கழுவிக் காயவைத்துத் தாம்பாளத்தில் மணலுக்குப் பதிலாகக் கொட்டினேன். பூனை காலால் கிளறிப் பார்த்தது. அந்தச் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தது. மதியம் வரை அடக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தது. பட்டன் உறிஞ்சாது அல்லவா? தாம்பாளத்தைச் சாய்த்து, இங்க் ஃபில்லரால் உறிஞ்சி, கழுவிக் காயவைத்த மருந்து பாட்டிலில் ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் போலத்தான் இருந்தது. மஞ்சளே இல்லை.

டாக்டர் அதில் ஒரு சொட்டை, பேனா நீளத்தில் இருந்த ஒரு கருவியின் கண்ணாடியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணால் பார்த்தார். ஒரு காகிதப் பட்டையைத் தோய்த்தும் பார்த்தார்.

"சக்கரை இல்லீங்க. சக்கரை இருந்தாலும் இப்படித்தான் தண்ணி குடிக்கும், அதுக்குத்தான் பாத்தேன். ஆனா மூத்திரம் ரொம்ப நீர்த்துக் கெடக்குது. பூனையோட கிட்னி தண்ணிய வீணாக்காதுங்க. நல்லாப் பிழிஞ்சு கெட்டியாத்தான் வெளிய விடும். அதனாலதான் அப்படி நாறும். வாடை போச்சுன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அது கிட்னி பிழியறத விட்டுருச்சுன்னு அர்த்தம். உள்ள நிக்காம தண்ணி போகுது, அதுனால குடிச்சுக்கிட்டே இருக்குது."

நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரியம் தலைகீழாக இருந்தது.

ரத்தமும் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் பூனையோடு கணவரையும் கூட்டிப்போனேன். அவர் அதைப் போர்வையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் முன்னங்காலிலிருந்து எடுத்தார். அங்கே சோதிக்கும் வசதி இல்லை. மனிதர்களுக்குச் சோதிக்கும் லேப் ஒன்றுக்கு நாங்களே எடுத்துப்போனோம். அங்கிருந்த பெண் பூனை ரத்தம் என்றதும் பின்வாங்கினாள். டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டியதும் சரி என்றாள்.

"ஆனா கம்ப்யூட்டர்ல பூனைன்னு போட முடியாதுங்க. பேரு, வயசு, ஆணா பொண்ணான்னு கேக்கும்."

கணவர் தன் பெயரையும் வயதையும் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு யாருடைய ரத்தத்தோடாவது மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. ரத்தம் இருந்த சின்னக் குப்பியில் ஒட்டிய சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ரிப்போர்ட் மறுநாள் கிடைத்தது. சிறுநீரகச் சோதனை என்று மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே கணவர் பெயர். கிரியாட்டினின் என்ற வரிக்குப் பக்கத்தில், அளவு கூடியிருக்கிறது என்று காட்டும் ஒரு நட்சத்திரம். நான் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, குழாயடியில் குடம் வைக்கும்போது எங்கேயோ தவறவிட்டேன். அரைமணி நேரம் தேடினேன். பிறகு பார்த்தால் அது எங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் கிடந்தது. யார் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏன் தள்ள வேண்டும்?

மூன்றாம் நாள் கணவரை அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, ரெண்டு நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க. உடம்புதானுங்க முக்கியம்" என்றிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தார். வயதானவர், தோட்டம் துரவு உள்ளவர், எங்களிடம் எப்போதும் பிரியமாகப் பேசுவார். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, உங்கூட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டுப் போச்சுங்கறாங்க. இன்னொருத்தி, எடுத்து வித்துப்போட்டாருங்கறா. நெசத்தச் சொல்லு சாமி, உள்ளாற ரெண்டும் இருக்குதா?"

"அது பூனையோட ரிப்போர்ட்டுங்கம்மா," என்றேன்.

குழாயடியில் நின்றிருந்த நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனைக்குக் கிட்னி டெஸ்டா என்று அவர்கள் கண்ணில் எழுதியிருந்தது. நானே கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கணவர் உள்ளேயிருந்து வந்தார். பனியனை மார்பு வரை தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினார். தழும்பு இல்லை. வீட்டுக்காரம்மா கிட்ட வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். கணவர் அன்று இரவு சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நீதான் ஊர் பூரா சொன்னியா?"

"பேரு போட்டிருந்துச்சு, படிச்சேன். பாவம்னு ஒருத்தரு கிட்டச் சொன்னேன். வித்துப்போட்டாருன்னு நான் சொல்லலீங்க," என்றாள். "பூனையோடதுன்னு சொல்றீங்க. நானெப்படிங்க்கா நம்பறது?"

"நாளைக்கு டாக்டர்ட்ட போறேன். நீயும் வா. நேர்ல கேளு."

வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இதுல போட்டிருக்கற அளவு மனுசனுக்குங்க. பூனைக்கு வேற அளவு. அதுலயும் கொஞ்சம் மேலதான் நிக்குது. ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது, மூணு வாரம் கழிச்சு மறுக்காப் பாக்கோணும். ஆனா எனக்கு இது கிட்னி நோயோட ஆரம்பம்னுதான் படுது."

"மருந்து போட்டாச் செரியாயிருமுங்களா?" இதைக் கேட்டது நான் இல்லை, அவள்.

"செரியாகாதுங்க. கெட்டது கெட்டதுதான். மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். பூனைங்க நோயக் காட்டாதுங்க. தீனிய விட்டுப்போட்டு வாந்தி எடுக்கறப்பத்தான் தூக்கிட்டு வருவாங்க. அப்ப ஒண்ணும் மிச்சம் இருக்காது. இந்தம்மா தீனி எடுக்கற பூனையக் கொண்டாந்திருக்கறாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அது தண்ணி அதிகமாக் குடிக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுமுங்க்கா. சித்திரைல இருந்து பாக்கறன். சட்டி காலியாயிருச்சுன்னா என்னோட வாசல்ல வந்து கத்தும். ரெண்டொரு தடவ எங்கூட்டுத் தண்ணிய ஊத்தியிருக்கறன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேட்டீங்களா? எடுத்தியான்னுதானுங்க கேட்டீங்க."

சித்திரை, வைகாசி, ஆனி என்று மனதுக்குள் எண்ணினேன். பகல் முழுக்கப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளை நான் திருடியாக்கி வைத்திருந்தேன். கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு, தப்பாப் பேசிட்டேன் என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எங்கள் நிறுத்தம் வந்ததும் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோதும் அதே அளவுதான். டாக்டர் சொன்னபடி கருவாட்டை அறவே நிறுத்தினேன். வேகவைத்த கோழியை அளவாக, சோற்றோடு, வேகவைத்த தண்ணீரையும் சேர்த்துக் கஞ்சி போலப் பிசைந்து வைத்தேன். வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர். சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டன் தாம்பாளம், லேப், டாக்டர். லேப் கம்ப்யூட்டரில் கணவர் பெயருக்குப் பதிலாக என் பெயரைக் கொடுத்தேன். அவர் மறுபடி பனியனைத் தூக்கத் தயாராக இல்லை.

பகலில் பூனை எத்தனை முறை குடித்தது, சாப்பிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலம் சொல்வாள். முதல் சில வாரங்கள் அதையும் நான் நம்பவில்லை. எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று கூட்டிக் குறைத்துச் சொல்கிறாளோ என்று, அவள் சொன்னதையும் சட்டியில் மிச்சமிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். "பாருங்க்கா, நல்லாப் பாருங்க. பாத்துப்போட்டே உள்ள போங்க," என்று பிசிர் வெட்டிக்கொண்டே சொல்வாள்.

பூனை அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் இருந்தது. அதில் மூன்று வருஷம் நோய் இருப்பதே தெரியாமல் இருந்தது. கடைசி ஆறு மாதம் இளைத்தது. முதுகெலும்பு கையில் தட்டியது. வாரம் இருமுறை டாக்டரிடம் தூக்கிப்போய்த் தோலுக்கடியில் ஊசி வழியாகச் சலைன் தண்ணீர் ஏற்றினோம். கணவர்தான் பிடித்துக்கொள்வார். வேறு யார் பிடித்தாலும் கடிக்கும்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கம்பெனி கேட்டில் யாரோ தேடுகிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது, "என்னத்தத் தின்னுச்சு? யாராச்சும் எதுவும் வச்சாங்களா?" என்பதுதான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

"ஆரும் ஒண்ணும் வெக்கலீங்க்கா. காலைல இருந்து ஒண்ணும் திங்கலீங்க. எந்திரிச்சு எம்பக்கத்துல வந்து படுத்துச்சு. அவ்வளவுதானுங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். வழியில் கணவரின் கம்பெனி இருந்தது. அவள் வெளியே நின்றாள். நான் உள்ளே போய் அவரைக் கூப்பிட்டேன்.